எரிப்பதா, அழித்தெழுதுவதா?

சிவகாசி வட்டாரத்தில் 'பர்ன் பண்ணணும்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும் ஸார். எம். புதுப்பட்டியில் பீடியைக்கூட நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பற்ற வைப்பார்கள். அங்கே போய் ஒருத்தர் வீட்டில் எரிக்கப் போவதாகச் சொன்னால்?

சொன்னவர் பைண்டிங் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி. அப்பா குவைத்திலிருந்து பேசி அனுப்பிய கேஸட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. கேட்க வேண்டியது அம்மா. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டிலிருக்கும் பழைய ஸி.டி. ப்ளேயர்தான், செல்போன் ஆகாது.

"அண்ணே, ஆர். வாங்கவா, ஆர்.டபிள்யூ. வாங்கவா? அழிச்சு அழிச்சு எழுதலாமாமே, அதானே லாபம்?"

லாபம்தான், பாட்டுக்கு. ஸி.டி.-ஆர். நம்ம ஊர் சரவெடி மாதிரி. லேசர் பட்ட இடத்தில் உள்ளே பூசிய சாயம் மாறிவிடும், திரும்பாது. ஜப்பானின் தாயோ யூடன் கம்பெனி 1988-லேயே செய்து காட்டிய சமாசாரம். ஆர்.டபிள்யூ. 1997-ல் வந்தது. அதில் சாயமே கிடையாது. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த பூச்சு. லேசர் அதை உருக்கி எழுதும். இளஞ்சூட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அழிக்கும். ஆயிரம் தடவை வரை தாங்கும் என்பார்கள். எழுதும்போது கரண்ட் போனால் ஆர். காலி, டீ டம்ளருக்கு மூடியாகும். ஆர்.டபிள்யூ.வைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம்.

ஆனால் கடையில் வாங்கும் பாட்டு ஸி.டி. விழுகிற வெளிச்சத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்.டபிள்யூ. இருபது சதவீதம் அனுப்பினாலே பெரிசு. பழைய ப்ளேயர் 'டிஸ்க் இல்லை' என்று கைவிரித்துவிடும். அம்மாவிடம் என்ன சொல்வது? போதாக்குறைக்கு, அழிக்கலாம் என்றால் அக்கா பையனும் அழிக்கலாம். சினிமாப் பாட்டு ஏற்ற இடம் தேடிக்கொண்டே இருப்பான்.

ஆகவே ஆர்.தான், தம்பி. ஒன்றில் எண்பது நிமிஷம் அடங்கும். கேஸட்டோ தொண்ணூறு. அப்பா பேச்சைப் பாதியில் வெட்டாமல், 'ஏ' பக்கம் ஒரு டிஸ்க், 'பி' பக்கம் இன்னொன்று. மெதுவான வேகத்தில் எழுதவும். எல்லாவற்றிலும் இரண்டு காப்பி. பேரெழுத பால்பாயின்ட் பேனா வேண்டாம். எழுத்திருக்கும் பூச்சு மேல்பக்க மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது, அடிப்பக்கத்தில் அல்ல. வெயில் சாயத்துக்கு எமன். நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. 1999-ல் ஸி.டி.-ஆர். தயாரிப்பில் இறங்கி, தெருவெங்கும் டிஸ்க்காக இறைத்த மோசர் பேயர் கம்பெனியையே 2018-ல் கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. கடையில் கிடைப்பது எந்தக் காலத்துச் சரக்கோ! எனவே ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி அவசியம். கேஸட்டையும் தூக்கிப் போடாதே.

உங்கள் பீரோவிலும் 2003 வாக்கில் எரித்த கல்யாண ஸி.டி. கிடக்குமே? ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டுப் பாருங்கள். படித்தால், கையோடு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுங்கள். படிக்கவில்லையா? உடனே குப்பையில் எறியாதீர்கள். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். சிலது அடம்பிடித்துவிட்டுப் படிக்கும்.