கையில் தொட முடியாத காசு!

பிட்காயின் என்ற பெயர் இன்று மூலை முடுக்கெல்லாம் அடிபடுகிறது.

அது தங்கமா? வெள்ளியா? நோட்டா? எதுவும் இல்லை! அது வெறும் கணக்கு.

கணக்கு எப்படிப் பணம் ஆகும்?

வங்கியில் பணம் போட்டவர், தம் நோட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுவது இல்லை. வங்கியின் பேரேட்டில் தம் பெயருக்கு நேரே தொகை இருந்தால் போதும். அதுதான் அவர் பணம்.

பிட்காயினுக்கும் ஒரு பேரேடு உண்டு. ஆனால் அது எந்த வங்கியிலும் இல்லை. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதன் நகல் இருக்கிறது.

எழுதுவது யார்?

2008-ம் ஆண்டு சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் இந்தத் திட்டம் வெளியாயிற்று. அவர் யார் என்பது இன்றும் மர்மம்! 2009 ஜனவரியில் பேரேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது.

சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு புதுப் பக்கம் சேருகிறது. அதை எழுத கம்ப்யூட்டர்கள் போட்டி போடுகின்றன. ஓர் எண் புதிரை முதலில் விடுவிக்கும் கம்ப்யூட்டர் பக்கத்தை எழுதும். அதற்குக் கூலி, புதுப் பிட்காயின். மற்ற கம்ப்யூட்டர்கள் சரி பார்க்கும். பொய்க் கணக்கு என்றால் தள்ளிவிடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. குட்டு வெளிப்பட்டுவிடும்!

மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்தான் வரும். அதற்கு மேல் கிடையாது.

சாவி தொலைந்தால்?

பணத்தை எடுக்க ஒரு ரகசிய எண் வேண்டும். அதுதான் சாவி. சாவி யாரிடமோ, பணம் அவரிடம்!

வேல்ஸ் நாட்டில் நியூபோர்ட் நகரவாசி ஒருவரின் சாவி, கம்ப்யூட்டர் தகடு ஒன்றில் இருந்தது. 2013-ல் அது குப்பையோடு போய்விட்டது. அதில் சுமார் 8 ஆயிரம் பிட்காயின்! குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு கோர்ட்டுக்குப் போனார். 2025 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

வங்கி என்றால் கையெழுத்தைப் பார்க்கும், ஆளைப் பார்க்கும். இந்தப் பேரேட்டுக்கு ஆளைத் தெரியாது. சாவியை மட்டுமே தெரியும்.

சாவியைப் பிறரிடம் கொடுத்தால்?

எப்.டி.எக்ஸ். என்ற கம்பெனியை நம்பிப் பலர் பணத்தை ஒப்படைத்தார்கள். 2022 நவம்பரில் அது திவால் ஆயிற்று. அதை நிறுவியவருக்கு 2024-ல் 25 ஆண்டு சிறை. பேரேடு பொய் சொல்லவில்லை. மனிதர்தான் மோசம் செய்தார்!

விலையும் நிலையாக இல்லை. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69 ஆயிரம் டாலர். மறு ஆண்டு அதே மாதம் 16 ஆயிரத்துக்கும் கீழே!

பொறுப்பு யார்?

இந்தியாவில் வங்கி மூழ்கினால், போட்ட பணத்தில் 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. பிட்காயினுக்கு அது இல்லை. 2022 ஏப்ரல் முதல் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. வரி வாங்குவதால் அரசு ஜாமீன் நிற்பதாக எண்ணக் கூடாது.

பிட்காயின் கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்பு. சந்தேகம் இல்லை. ஆனால் பூட்டு பலமாக இருந்தால் மட்டும் போதுமா? பணம் போனால் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

பெண்ணின் கல்யாணத்துக்கும், பிள்ளையின் படிப்புக்கும் சேர்த்த பணத்தை இதில் போடுவது விவேகம் அல்ல. "மாதம் தவறாமல் லாபம்" என்று யாராவது ஆசை காட்டினால், அவரை வாசலோடு அனுப்பிவிடுவதே நல்லது!