முதற்படியில் கைகொடுப்போம்

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறித் தொழிலாளரில் 100க்கு 72 பேர் பெண்கள். பாவு தோய்வதிலும் தார் சுற்றுவதிலும் அவர்தம் கைகளே முந்தி நிற்கின்றன. சங்க ஏடுகளைப் பார்வையிடும் நாம் காண்பதோ, பல இல்லங்களில் ஆடவர் பெயர் மட்டுமே.

2016இல் தொடங்கிய 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வகுத்தது. நன்றே. ஆயினும், இரு தறி போட்டுத் தொழில் தொடங்க விழையும் சகோதரிக்கு அம்முதற்படியே எட்டாத உயரமன்றோ?

ஆகவே, சூரமங்கலம் வட்டாரச் சங்கத்தாரே, அவரை அங்கத்தினராக்குங்கள். கூலியை அவர் பெயரிலேயே வரவு வையுங்கள். முதற்பாவுக்கு நூல் கடன் கொடுத்து, நெய்த துணியைக் கொள்முதல் செய்யுங்கள். நாளை வங்கியில் காட்ட அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஈடு காட்ட இயலாதோர் ஒருவருக்கொருவர் ஈடாக நிற்பதற்கே கூட்டுறவு தோன்றியது.