பெட்ரோல் போடுவதும் அரசியல்தான்!

2025 ஜூன் 14. குற்றாலத்தில் சீசன் மாதம். அன்று இரவு, மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று வந்து இறங்கியது. எஃப்-35பி. அரபிக் கடல் பக்கம் வந்திருந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்தது. வானிலை மோசம், எரிபொருள் குறைவு, கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை. இறங்கிய பிறகு ஹைட்ராலிக் கோளாறு வேறு. ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே நின்று, ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது.

அந்த ஐந்து வாரமும் நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். ஊர் பிடித்துப்போய் விமானம் கிளம்ப மறுக்கிறது என்று கேரள சுற்றுலாத் துறையே ஜோக் அடித்தது. பழைய கார் மாதிரி விற்பனைக்கு என்று யாரோ இணையத்தில் விளம்பரம் போட்டார்கள். பார்க்கிங் கட்டணம் ஒரு நாளைக்கு 26 ஆயிரம் ரூபாய் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் நம் விமானப்படை தந்த விளக்கத்தில் ஒரு விஷயம் இருந்தது. ஆபத்து என்றால் இறங்க வேண்டிய இடமாகத் திருவனந்தபுரம் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டிருந்தது. அதாவது, வழிதவறி வந்த விருந்தாளி இல்லை. விலாசம் கையில் வைத்திருந்த விருந்தாளி.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்க்காரர்கள் பலருக்கு அதுதான் ஏர்போர்ட். வளைகுடாவுக்குப் போகிற பிள்ளையை ஆரியங்காவு வழியாகக் காரில் கொண்டுபோய் அங்கேதான் ஏற்றிவிடுகிறார்கள். நம் பிள்ளை போகிற ஏர்போர்ட்டில் அடுத்த நாட்டுப் போர் விமானத்துக்கு என்ன வேலை?

சென்னையிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் வந்திருப்பீர்கள். நடுராத்திரி, ஊரே இல்லாத இடத்தில் ஒரு மோட்டலில் வண்டி நிற்கும். டீ ருசியாக இருக்கும் என்பதற்காகவா? இல்லை. பாதி வழி, வண்டி திருப்ப இடம், ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் கடை. அவ்வளவுதான். எங்கே நிறுத்துவது என்று பயணியை யாரும் கேட்பதில்லை. டீக்குக் காசு மட்டும் பயணியுடையது.

விமான நிலையங்களுக்கும் இதே கணக்குதான். கனடாவில் கேண்டர் என்று ஒரு ஊர். ஜனத்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். அந்தக் காலத்து விமானங்களால் ஒரே மூச்சில் அட்லாண்டிக் கடலைத் தாண்ட முடியாது. கேண்டரில் எரிபொருள் போட்டுத்தான் போக வேண்டும். இந்தப் பக்கக் கரையில் அயர்லாந்தின் ஷானன். உலகத்தின் முதல் டியூட்டி ஃப்ரீ கடை 1947-ல் அங்கேதான் திறந்தார்கள். காத்திருக்கிற பயணி வேறென்ன செய்வான்?

பிறகு ஜெட் வந்தது. டேங்க் பெரிதானது. பயணிகள் விமானங்கள் தலைக்கு மேலேயே பறந்து போய்விட்டன. ஆனால் நீளமான ஓடுபாதையும் எரிபொருள் கிடங்கும் அங்கேயே இருக்கின்றனவே! அவற்றைத் தேடி ராணுவ விமானங்கள் வந்தன. ராணுவம் வாடகைக்கு எடுத்த சார்ட்டர் விமானங்களும் வந்தன. வெளியே பார்த்தால் சாதாரண பயணிகள் விமானம், உள்ளே சிப்பாய்கள். 1985 டிசம்பரில் கேண்டரில் அப்படியொரு சார்ட்டர் விமானம் விழுந்து 256 பேர் செத்தார்கள். அதில் 248 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள்.

அயர்லாந்து நடுநிலை நாடு. எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை. இராக் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஷானன் வழியாகத்தான் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரே வழக்குப் போட்டார், தோற்றார். ஆனால் 2003 மார்ச்சில் அந்த நாட்டு நாடாளுமன்றம் இதை விவாதித்து ஓட்டுப் போட்டது. முடிவு சரியோ தப்போ, யார் கை தூக்கினார் என்று ஊருக்குத் தெரியும்.

நம் கதை எப்படி? 1971-ல் இந்தியா தன் வான்வழியை மூடியதும் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எரிபொருள் போட்டுக்கொண்டு டாக்காவுக்குப் போயின. பயணிகள் விமானத்தில் துருப்புகளும் போகிறார்கள் என்று நாம் கொதித்தோம். கொதித்தது நியாயம். இருபது வருஷம் கழித்து, 1991 வளைகுடாப் போர் சமயத்தில், பிலிப்பைன்ஸிலிருந்து போன அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு நம் விமான நிலையங்களிலேயே எரிபொருள் போட்டோம். சந்திரசேகர் பிரதமர். விஷயம் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த ராஜீவ் காந்தி எதிர்த்தார், பிப்ரவரியில் நிறுத்தினார்கள். கொழும்பில் செய்தால் துரோகம், நம் ஊரில் செய்தால் உபசாரமா?

2016 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் ஒப்பந்தமே போட்டாகிவிட்டது. எரிபொருள், உணவு, உதிரிபாகம் எல்லாம் பரஸ்பரம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இது ராணுவத் தளம் கொடுப்பது இல்லை, ஒவ்வொரு முறையும் தனித்தனியாக அனுமதி உண்டு என்று அரசு சொன்னது. சரி. அந்த ஒவ்வொரு முறையையும் யாரிடம் சொல்கிறார்கள்?

'தேசப் பாதுகாப்பு சார், ரகசியம்' என்பார்கள். யாருக்கு ரகசியம்? சார்ட்டர் விமானம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று செல்போனில் பார்த்துச் சொல்கிற பையன்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எதிரிக்கு சாட்டிலைட் இருக்கிறது. தெரியாதவர் ஓட்டுப் போட்ட நீங்கள் மட்டும்தான்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்? நெல்லையைத் தாண்டினால் வாகைக்குளம். தூத்துக்குடி ஏர்போர்ட். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். அந்த பிரிட்டிஷ் விமானம் கிளம்பிப் போன நாலாவது நாள், 2025 ஜூலை 26 அன்று, புது டெர்மினலைப் பிரதமர் திறந்துவைத்தார். நல்ல விஷயம், தென் மாவட்டத்துக்குத் தேவை. ஆனால் உலகக் கப்பல் பாதைக்குப் பக்கத்தில் நீளமான ஓடுபாதை போட்டால், அதைப் பார்க்கிற கண்கள் நம்முடையவை மட்டுமாக இருக்காது.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்று உண்டு. அடுத்தவன் போருக்காக நம் மண்ணில் போட்டது. போர் முடிந்தது, போனார்கள். புல் முளைத்தது.

ஆபத்தில் இறங்குகிற விமானத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. தவித்து வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது நம் பழக்கம். ஆனால் வழக்கமாக வந்து போகிறவனுக்குக் கணக்கு உண்டு. எந்த நாட்டு ராணுவ விமானம், எந்த ஊரில், எத்தனை முறை, ஆயுதத்தோடா இல்லாமலா என்று வருஷத்துக்கு ஒரு தரம் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.

உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது புது ரயில் கேளுங்கள், புது ஃப்ளைட் கேளுங்கள். கூடவே இந்தக் கணக்கையும் கேளுங்கள். வண்டி எங்கே, யாருக்காக நிற்கிறது என்று கேட்கிற உரிமை டிக்கெட் எடுத்தவனுக்கு உண்டு.