டீக்காசில் அடையுமா கந்துவட்டி?

“வரவுக்குள் செலவு செய்தால் கடன் அடையும், அடைக்காதவன் ஊதாரி.” திருத்தணிப் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களுக்கு ஊரே சொல்லும் புத்திமதி இது. கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

1. ஐந்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால், மாத வட்டி மட்டும் 5,000 ரூபாய். 15 ரூபாய் டீயை நாளுக்கு இரண்டு நிறுத்தினால் மிச்சம் 900. மீதி 4,100க்கு எதை நிறுத்துவது? சோற்றையா?

2. பாவு நூல் வந்தால்தான் தறி ஓடும், கூலி வரும். பாவு வராத வாரம் எந்த வரவுக்குள் செலவு செய்வது? நுண்கடன் நிறுவனத்தின் குழுக்கடன் தவணை அந்த வாரமும் வாசலில் நிற்குமே!

3. எல்லைக்கு அந்தப் பக்கம், நுண்கடன் வசூல் கெடுபிடியைத் தடுக்க 2010இல் ஆந்திர அரசு அவசரச் சட்டமே போட்டது. அந்தக் கெடுபிடியில் சிக்கிய அத்தனை குடும்பமும் ஒரே சமயத்தில் ஊதாரியாகிவிட்டதா?

4. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மொத்தத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. தாண்டும் என்று தெரிந்தே கொடுத்தவர் யோக்கியரா?

5. அந்த ஒரு லட்சத்தை ஒரு வட்டி நகைக்கடனுக்கு மாற்றினால், கட்டும் அதே 5,000இல் மாதம் 4,000 அசலுக்குப் போகும். முதலில் வட்டியைக் குறையுங்கள். டீயைப் பிறகு பார்க்கலாம்.