ஜீப்பில் ஏற்றினாலே கைதுதான்

"சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று சொல்லித்தான் என் மாமாவைக் கூட்டிப்போனார்கள். ஊர்த்தெருவில் மோட்டார் திருடுபோனால் ஜீப் எங்கள் காலனிக்குத்தான் வரும். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு தாள்கூடக் கிடையாது.

டி.கே. பாசு தீர்ப்பு கைதுக் குறிப்பாணையும், சாட்சியின் கையெழுத்தும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்கிறது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தச் சொல்கிறது அரசியல் சட்டம். நல்லதுதான். ஆனால் நடைமுறையில் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது போலீஸ்காரர் பேனாவை எடுத்த பிறகே. அதுவரை நாம் ஏதோ விருந்துக்குப் போனவர்கள்! 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியையும் நகைத் திருட்டு விசாரணை என்றுதான் கூட்டிப்போனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

கைது தேவையில்லை என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்படி நோட்டீஸ் கொடுக்கட்டும். தேவையென்றால் குறிப்பாணை எழுதட்டும். இரண்டுமில்லாமல் குற்ற விசாரணைக்கென்று ஒருவரை ஸ்டேஷனில் அடைத்துவைக்க எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. ரிமாண்டின்போது நீதிபதி குறிப்பாணையில் உள்ள நேரத்தோடு நிறுத்தக் கூடாது. "உன்னை ஜீப்பில் ஏற்றியது எப்போது?" என்று அவரிடமே கேட்க வேண்டும், போலீஸை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு.