பிந்திக் கனிந்த சுழல்

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கு மற்றோர் அதிகாரம் வகுத்தார். காலம் வரும்வரை காத்திருத்தலும், காத்திருக்கும் நாளில் கையோய்ந்து அமராமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்றே நாம் கொள்கிறோம். இதற்குச் சான்று தேடிச் சென்னையைக் கடந்து செல்ல வேண்டியதில்லை. சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் வாழ்வே போதும்.

பள்ளிப் பருவத்தில் அவர் விக்கெட் காப்பாளர். வயதுவாரி அணிகளில் இடம் கிட்டாமையால் பதினேழாம் வயதில் ஆட்டத்தை விடுத்துக் கட்டடக்கலை பயின்றார், அத்தொழிலையும் செய்தார். இருபத்தைந்தை ஒட்டிய வயதில் மீண்டும் களம் புகுந்தபோது வேகப்பந்து வீசினார். முழங்காற் காயம் அதையும் தடுத்தது. அதன் பின்னரே சுழற்பந்து அவர் கைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிரீமியர் லீகில் மதுரை அணிக்காக 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவ்வாண்டின் இறுதியில் ஐ.பி.எல். ஏலத்தில் 8.40 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்.

ஏற்றம் அத்துடன் நிலைத்துவிடவில்லை. 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. ஏறத்தாழ மூன்றாண்டுகள் இந்திய அணிக்கு வெளியே நின்றார். 2024 அக்டோபரில் திரும்பினார். 2025 பிப்ரவரியில், 33ஆம் வயதில், கட்டாக்கில் முதல் ஒருநாள் போட்டி ஆடினார். அடுத்த மாதமே துபாயில், சாம்பியன்ஸ் கோப்பையில், நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். கோப்பையும் இந்தியாவுக்கு வந்தது.

இது புதுமையன்று. ஆஸ்திரேலியாவின் கிளாரி கிரிம்மெட் 1925இல் தம் 33ஆம் வயதில் முதல் டெஸ்ட் ஆடி, 216 விக்கெட்டுகளுடன் ஓய்ந்தார். பேடி ஆடிய காலமெல்லாம் காத்திருந்த திலீப் தோஷி, 1979இல் நம் சேப்பாக்கத்தில் 31ஆம் வயதில் அறிமுகமாகி, முதல் இன்னிங்சிலேயே 6 விக்கெட்டுகள் எடுத்தார். வேகம் இளமையின் கொடை. சுழலோ விரலும் மதியும் சேர்ந்து முதிரும் கலை. அப்படியிருக்க, பத்தொன்பது வயதுக்குள் தேறாதவன் தேறாதவனே என்று முடிவு கட்டுவது எவ்வாறு நியாயமாகும்?

இவ்வினாவை வடசென்னையில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது; இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. இன்று அங்கே பல இடங்களில் கருங்கற் குவியலே கரை. தென்பகுதிச் சிறுவனுக்குக் கடல் மைதானம் தந்தது. திருவொற்றியூர்ச் சிறுவனிடமிருந்து பறித்துக்கொண்டது. எஞ்சிய சந்துகளில், கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்கிடையே, டென்னிஸ் பந்தைச் சுழற்றும் விரல்கள் எத்தனை! பதினேழில் அவ்விரல்கள் சரக்கு ஏற்றவும் இறக்கவும் சென்றுவிடுகின்றன.

வருணும் பதினேழில் ஆட்டத்தை விட்டவரே. ஆனால் அவர் கையில் பட்டம் இருந்தது. திரும்பி வரத் துணிவு தரும் தொழில் இருந்தது. ஆகவே அவரைக் காட்டி, "நீயும் காத்திரு" என்று ஆலைத் தொழிலாளியின் மகனிடம் சொல்வது மட்டும் அறமாகாது. அவனுக்குக் கல்வி வேண்டும், களமும் வேண்டும். ஆலைகளும் பள்ளி, கல்லூரிகளும் விடுமுறை நாள்களில் தம் மைதானங்களைத் திறந்துவிடலாம். இருபதைக் கடந்து உழைத்துக்கொண்டிருப்போருக்கும் தேர்வு ஆட்டங்கள் நடத்தக் கழகங்கள் முன்வரலாம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பிந்தி வருபவன் சோம்பேறி அல்லன். அவன் வழி நீளமானது, அவ்வளவே. அவன் வந்து சேரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அதைத் திறந்து வைப்பது நம் கடன்.