"கவனக்குறைவு" என்று எழுதிய கை

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல் குவாரியில் உதவி மேலாளராக இருந்தேன். சுரங்கப் பொறியியல் படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை. அங்கே ஒரு நாள் காலையில் பாறை சரிந்து ஒரு தொழிலாளியின் வலது கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நிர்வாகம் தயாரித்த விசாரணை அறிக்கையில் விபத்துக்கான காரணம் ஒரே வரியில் இருந்தது: "தொழிலாளியின் கவனக்குறைவு." அதற்குக் கீழே இருந்த கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது.

என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். குவாரியின் பக்கச் சுவரைப் படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும், படியின் அகலம் அதன் உயரத்தைவிடக் குறையக் கூடாது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும் படி வெட்டச் சொல்கின்றன. எங்கள் குவாரியில் படியே கிடையாது. சுவர் செங்குத்தாக நின்றது. படி வெட்டினால் அந்த அளவுக்குக் கல்லை எடுக்காமல் விட வேண்டும், அது நட்டம். நான் முதலாளியின் ஆளிடம் இரண்டு முறை வாயால் சொன்னேன். "பார்த்துக்கலாம் தம்பி" என்றார். எழுத்தில் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே "தம்பிக்கு எந்தப் பக்கம்? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்விக்குப் பிறகு நம்மில் பலருக்கு எழுத்தில் கொடுக்கும் தைரியம் வருவதில்லை.

கால் போனவர் எங்கள் மக்களில் ஒருவர். என் ஊர் தெரிந்ததும், "நம்ம புள்ள ஒண்ணு ஆபீஸ்ல உக்காந்திருக்குன்னா ஒரு தெம்புதான் சார்" என்றார். 'நம்ம புள்ள' என்று சொல்லிவிட்டு 'சார்' என்று முடித்தார். விபத்துக்கு முந்தைய வாரம் அவர் கடப்பாரையால் சுவரைத் தட்டிக் காட்டினார். கெட்டிப் பாறை 'டங்'கென்று ஒலிக்கும். விரிசல் விட்ட பாறை 'டொப்'பென்று அடங்கிவிடும். "கேளுங்க சார், உள்ள விட்டுப்போச்சு" என்றார். நான் நான்கு ஆண்டுகள் படித்த பாடத்தை அவர் ஒரு கடப்பாரையில் வைத்திருந்தார். அதை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் 'கவனக்குறைவு' என்ற சொல்லை யாராலும் எழுதியிருக்க முடியாது. கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

என் தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். ஜான் டெய்லர் நிறுவனம் 1880-களில் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியபின், வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கிராமத்து ஆண்டைகளிடமிருந்து தப்பி அங்கே போனார்கள். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது இப்படிப் போன மக்களிடையேதான். ஆனால் சுரங்கத்துக்குள் வரிசை மாறவில்லை. திட்டம் போட்டவர்கள் வெள்ளைக்காரப் பொறியாளர்கள். துளையிட்டவர்களில், கல் அள்ளியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து அந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறை தாங்கும் அழுத்தம் திடீரென்று விடுபட்டு வெடிக்கும். மைசூர் சமஸ்தானத்தின் நிலவியலாளர் ஸ்மீத் 1904-லேயே இந்த வெடிப்புகளைப் பற்றித் தனி அறிக்கை எழுதினார். ஆபத்து பற்றிய அறிவு அன்றே இருந்தது. அது மேலே காகிதத்தில் இருந்தது, உடல்கள் கீழே இருந்தன.

தாத்தா ஊருக்குத் திரும்பி வந்து இருமி இருமிச் செத்தார். வீட்டில் அதை "டி.பி." என்றுதான் சொல்வோம். மூன்றாம் ஆண்டு வகுப்பில்தான் 'சிலிக்கோசிஸ்' என்ற சொல்லைக் கேட்டேன். துளையிடும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், அதற்குக் குணமில்லை. கோலாரில் 1940-46 காலத்தில் சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது என்று ஆய்வு சொல்கிறது. துளையிடும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசி பெருமளவு அடங்கும். இன்றும் எத்தனையோ குவாரிகளில் காய்ந்த பாறையில்தான் ஜாக்ஹாமர் ஓடுகிறது, ஓட்டுபவர் முகத்தில் ஒரு துண்டு மட்டும்.

தோழர்களே, சாதி எப்போதும் வசவாகவே வருவதில்லை. விபத்து அறிக்கையில் அது 'கவனக்குறைவு' என்று வருகிறது. யாருடைய உடல் பாறைக்கு அடியில் நிற்கும், யாருடைய பேனா காரணத்தை எழுதும் என்ற வேலைப் பிரிவினைதான் அது. இடஒதுக்கீட்டின் வழியாக நம்மில் சிலர் பேனா இருக்கும் பக்கத்துக்கு வந்திருக்கிறோம். வந்தது பெரிய விஷயம், ஆனால் அது போதாது என்பதற்கு நானே சாட்சி. அறிக்கையில் கையெழுத்திட்ட கை சேரியில் பிறந்ததுதான்.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 1955-ஆம் ஆண்டு சுரங்க விதிகளின்படி, 100 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில்தான் தொழிலாளர் பங்கேற்கும் பாதுகாப்புக் குழு கட்டாயம். எங்கள் குவாரியில் இருந்தது நாற்பது பேர். நம் மக்கள் கல் உடைக்கும் குவாரிகளில் பெரும்பாலானவை இந்த அளவுதான். எத்தனை பேர் வேலை செய்தாலும் பாதுகாப்புக் குழு வேண்டும், தொழிலாளி சொன்ன எச்சரிக்கை பதிவேட்டில் அவர் பெயரோடு ஏற வேண்டும், அந்தப் பதிவேடு இல்லாத இடத்தில் 'கவனக்குறைவு' என்ற காரணத்தை ஏற்கக் கூடாது. இதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

இன்று நான் பாறை இயந்திரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சரிவுகள் எப்போது உடையும் என்பதே என் கேள்வி. சென்ற ஆண்டு அவரைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே தெரியும் சார்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சுரங்கப் பொறியியல் படிக்கலாமா என்று நம் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். படியுங்கள். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு கடப்பாரை வாங்கி, பழைய தொழிலாளி ஒருவரோடு சுவரைத் தட்டிப் பாருங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியின் விலை ஒரு கால்.